இரண்டு பெட்டியிலும் கரித்துண்டு

பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது.

நேற்று சாயங்காலம் மாப்பிள்ளை போன் பண்ணினார். "அத்தை, வளைகாப்பு முடிஞ்சதும் அவள அரியலூர்ல பெரியம்மா வூட்டுல விட்டுடலாம்னு பாக்குறோம். தூசியும் கோழி நாத்தமும் இவ நெஞ்சுக்கு ஆகவே ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்றார். "இதுல நெனைக்க என்னங்க மாப்பிள்ளை இருக்கு? எங்க இருந்தா என்ன, நல்லபடியா பெத்து எடுத்தா போதும்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். சொன்னது அத்தனையும் பொய். அடுப்படிக்குப் போய் உலையில் அரிசி போட மறந்து வெறும் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். உங்கப்பா எட்டிப் பார்த்து, "என்ன, இன்னைக்கு சுடுதண்ணிய புழிஞ்சுதான் சோறா?" என்று கேட்டார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்துவிடாதே. கோபம் என்றால் கத்தித் தீர்த்திருப்பேன், என் வாய் உனக்குத் தெரியாததா. இது பொறாமை. என் கூடப் பிறந்த அக்கா மேல், உன் பெரியம்மா மேல், எனக்கு இருக்கிற பச்சைப் பொறாமை. நீ காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து இது எனக்குள் இருக்கிறது. ஒரு நாள்கூட குறைந்ததில்லை. இந்தக் கடிதத்தை நீ ஒளித்து வைத்துப் படிக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளை படிக்கட்டும், உன் மாமியார் படிக்கட்டும், வேண்டுமானால் பெரியம்மாவுக்கே போன் போட்டு உரக்கப் படித்துக் காட்டு. எனக்கு ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

உனக்கு அரியலூரில் காலேஜ் கிடைத்தபோது, வேப்பந்தட்டையிலிருந்து தினமும் பெரம்பலூர் போய், அங்கே பஸ் மாறி அரியலூர் போய் வந்தால் பிள்ளை துரும்பாகப் போய்விடுவாள் என்று பெரியம்மாதான் முதலில் சொன்னாள். "எங்க வூட்டுல இருக்கட்டுமே. எங்க ரெண்டு பேருக்கும் பேச்சுத்துணை ஆச்சு" என்றாள். அவளுக்குக் குழந்தை இல்லை, பெரியப்பா சிமெண்ட் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போய்விடுவார். எனக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. உன்னை ஒரு டிரங்குப் பெட்டியோடு கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். வாரக் கடைசியில் நீ திரும்பி வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆளாக வந்தாய். தலையை அவள் மாதிரி இறுக்கிப் பின்னிக்கொண்டாய். ரசத்தில் பூண்டைத் தட்டிப் போடக்கூடாது, உரித்து முழுசாகப் போட வேண்டும் என்றாய். சிரிக்கும்போது அவளைப் போலவே வாயைக் கையால் மூடிக்கொண்டாய். நான் பெற்ற வாயை நீ எதற்கு மூட வேண்டும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தத் தீபாவளி உனக்கு நினைவிருக்கும். நம் ஷெட்டில் அப்போது கம்பெனிக் குஞ்சு வாங்கி வளர்க்க ஆரம்பித்துச் சில வருஷம் ஆகியிருந்தது. குஞ்சும் தீவனமும் மருந்தும் அவர்களே கொடுப்பார்கள். நாங்கள் வளர்த்துக் கொடுத்தால் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். கிணற்றில் தண்ணீர் வற்றி வெங்காயமும் பருத்தியும் கைவிட்ட வருஷத்தில் அந்த ஷெட்தான் நம் வீட்டு அடுப்பை எரியவைத்தது. அதில் கொழுத்த கோழியாகப் பார்த்து எடுத்து, விடியற்காலையில் எழுந்து அம்மியில் மசாலா அரைத்துக் குழம்பு வைத்தேன். நீ இட்லிக்குச் சட்னி மட்டும் தொட்டுக்கொண்டாய். ஏன் என்று கேட்டதற்கு, "வேணாம்மா. பெரியம்மா வூட்டுல இத சாப்புடுறதில்ல. ஊசி போட்டு ஊதவைக்கிற கோழியாம். ஹார்மோனாம். பொம்பளப் புள்ளைங்க சாப்புடக் கூடாதாம்" என்றாய். உங்கப்பா தொடையைக் கடித்துக்கொண்டே, "அப்ப நான் சாப்புடலாம், எனக்கென்ன" என்று சிரித்தார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. குழம்பைவிட அந்த 'பெரியம்மா வூட்டுல' என்ற வார்த்தைதான் என்னைச் சுட்டது.

ஊசியாம் ஊசி! ஷெட்டுக்குள் வந்து பார்த்தவள் போலப் பேசினாள் உன் பெரியம்மா. குஞ்சுக்குக் கண்ணில் விடுகிற சொட்டு மருந்தையும் தண்ணீரில் கலக்குகிற தடுப்பு மருந்தையும் தவிர நான் எதையும் கொடுத்ததில்லை. நல்ல ஜாதிக் குஞ்சு, நேரத்துக்குத் தீவனம், ராத்திரியெல்லாம் பல்பு வெளிச்சம், அதனால் நாற்பது நாளில் எடை ஏறுகிறது. இதை ஊரில் யாரிடம் சொன்னாலும் தலையாட்டிவிட்டு, அந்தப் பக்கம் போய் ஊசிக்கோழி என்றுதான் சொல்வார்கள். ஊர் சொல்லட்டும், எனக்குக் கவலையில்லை. ஆனால் நீ பெரியம்மா வளர்க்கிற நாட்டுக்கோழியை மட்டும் சப்புக்கொட்டித் தின்றுவிட்டு, என் கோழிக்கு முகத்தைச் சுளித்தது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயும் ஒரு பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது தெரிந்துகொள்வாய். இதைச் சாபமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

திருச்சியில் மேற்படிப்பு முடித்து உனக்குச் சென்னையில் அந்தச் சோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. முதல் போனில், வெளிநாட்டுக்குப் போகிற இறாலிலும் தேனிலும் முட்டைத் தூளிலும் மருந்து மிச்சம் இருக்கிறதா, ஹார்மோன் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை என்றாய். சாமி நேரில் வந்து வரம் கேள் என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. உன் படிப்பு, உன் சம்பளம், உன் எதிர்காலம் இதெல்லாம் அப்புறம்தான் மனதில் வந்தது. முதலில் வந்தது என் கோழியும் அக்கா கோழியும். "பாப்பா, கோழிக்கறியிலயும் பாக்கலாமா?" என்று கேட்டேன். பார்க்கலாம் என்றாய். "அப்ப எங்கோழியையும் பெரியம்மா கோழியையும் பாரு. ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பாரு" என்றேன். நீ, "ஏம்மா, அக்கா தங்கச்சி பஞ்சாயத்துக்கு லேப்ல எடம் கேக்குறியா?" என்றாய். ஆமாம் என்றேன்.

நான் விடுகிற ஆளா? வாராவாரம் கேட்டேன். கடைசியில் உன் மேடத்திடம் நீ சொல்லப்போய், அந்த அம்மாள் நல்ல மனசுக்காரி, புதிதாகச் சேர்ந்தவர்கள் கைப்பழக்கத்துக்குச் செய்து பார்க்கலாம், ரிப்போர்ட் கிடையாது என்று ஒத்துக்கொண்டாள். எப்படி அனுப்ப வேண்டும் என்று நீ போனில் சொன்னாய். பச்சைக் கறி, சுத்தமான பை, சுற்றிலும் ஐஸ், தெர்மாகோல் பெட்டி, மேலே பெயர். பெரியம்மாவுக்கும் இதையே சொன்னாய். அவள் மாட்டேன் என்று சொல்லிவிடுவாள், அதிலேயே ஜெயித்துவிடலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அவளோ, "புள்ள கேக்குது, குடுக்காம என்ன?" என்று அன்றைக்கே கோழியைப் பிடித்துவிட்டாள். நீ கேட்டதாக நினைத்துக்கொண்டாள் பார், அதுதான் அவள். நான் கேட்டிருந்தால் கோழியின் றெக்கைகூட வந்திருக்காது என்று அன்றைக்கு நினைத்தேன். வந்திருக்கும் என்று இன்றைக்குத் தோன்றுகிறது, ஆனால் அதனால் எனக்கு அவள் மேல் இன்னும் எரிச்சல்தான் வருகிறது.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நானும் உங்கப்பாவும் ஒரு பெட்டியோடு நின்றோம். அரியலூர் பஸ்ஸிலிருந்து அவள் இன்னொரு பெட்டியோடு இறங்கினாள். இரண்டையும் தூக்கிக்கொண்டு சென்னை பஸ் ஏற வேண்டியவர் உங்கப்பா. நான் என் பெட்டியில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தேன். "என்னாடி கயிறெல்லாம்?" என்றாள். "மாறிடக் கூடாதுல்ல" என்றேன். "மாறுனா என்னாடி, ரெண்டும் அவ சாப்புடுற கோழிதான" என்றாள். "ஒன்னுது மட்டும்தான் சாப்புடுறா" என்று அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் சொல்லிவிட்டேன். அவள் முந்தானையால் பெட்டி மேலிருந்த தண்ணீரைத் துடைத்தாள். என் பெட்டியையும் சேர்த்துத் துடைத்தாள். உங்கப்பா இரண்டு கையிலும் இரண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "எந்தப் பக்கம் கனம்னு யாரும் கேக்காதீங்க, நான் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

மறுநாள் உன் போன். உன்னால் பேசவே முடியவில்லை, அப்படிச் சிரிக்கிறாய். "அம்மா, கறிக்குள்ள கரித்துண்டு எதுக்கும்மா வச்ச?" என்றாய். இதென்ன கேள்வி? கறி வீட்டைவிட்டு வெளியே போகிறதென்றால் ஒரு அடுப்புக்கரியும் ஒரு காய்ந்த மிளகாயும் வைத்துத்தானே அனுப்புவோம். புளியமரம், சுடுகாடு, ஏரிக்கரை என்று எல்லாவற்றையும் தாண்டிப் போகிற கறி. அதுவும் பச்சைக் கறி. காத்து கருப்பு எதுவும் ஒட்டாமல் போய்ச் சேர வேண்டாமா? சோதனைக்குப் போகிற கறி என்பதால் மிளகாயை மட்டும் யோசித்து விட்டுவிட்டேன். காரம் ஏறிவிடும் என்று பயம். கரியில் என்ன இருக்கிறது, அது பாட்டுக்குக் கிடக்கும் என்று நினைத்தேன்.

நீதான் விளக்கினாய். கரிதான் எல்லாவற்றையும் உறிஞ்சுமாம். ஒப்பிட்டுப் பார்க்க ஹார்மோன் இல்லாத ரத்தம் உங்களுக்கு வேண்டுமென்றால் அதற்கென்று செய்த கரித்தூளைப் போட்டுத்தான் எடுப்பீர்களாம். நான் வைத்த அடுப்புக்கரி எவ்வளவு உறிஞ்சியிருக்கும் என்று யாருக்கும் தெரியாதாம். இனி இந்தக் கறியில் ஒன்றும் இல்லை என்று பதில் வந்தாலும் நம்ப முடியாதாம். "மேடம் கேக்குறாங்கம்மா, இது ஒங்க ஊரு மசாலாவான்னு" என்றாய். எனக்கு அவமானம் ஒரு பக்கம். "சரி, பெரியம்மாவோடது?" என்றேன். நீ மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தாய். "அதுலயும் கரித்துண்டும்மா. அதுலயும் மொளகா இல்ல."

நானும் சிரித்திருக்க வேண்டும். ஒரு வயிற்றில் பிறந்தோம், ஒரே அடுப்படியில் பழகினோம், மிளகாய் வேண்டாம் என்று யோசித்தது வரைக்கும் ஒரே மாதிரி. வேறு யாராக இருந்தாலும் கண் கலங்கியிருப்பார்கள். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இதிலும் பங்குக்கு வந்துவிட்டாளே என்றுதான். நீ என்னைப் பார்த்துச் சிரித்தால் அது என் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரிப்பது. அந்தச் சிரிப்பிலும் பாதியை அவள் எடுத்துக்கொண்டாள்.

மறுபடியும் அனுப்பினோம், கரி இல்லாமல். பஸ் விழுப்புரம் தாண்டுகிற வரைக்கும் நான் முருகனை விடவில்லை. நீ ஒரு வாரம் கழித்துப் பேசினாய். சின்னச் சின்னக் குழி உள்ள ஒரு தட்டு, அதில் கறிச்சாற்றைச் சொட்டு சொட்டாக விட்டு மருந்தையும் விட்டால் நிறம் வரும், ஹார்மோன் ஏற ஏற நிறம் வெளுக்கும் என்று நீ பொறுமையாகச் சொன்னதெல்லாம் எனக்குப் புரிந்தது. பொறாமையும் அப்படித்தான், உள்ளே ஏற ஏற முகம் வெளுத்துவிடும். வெளியிலிருந்து ஏற்றுகிற ஹார்மோன் இரண்டு கோழியிலும் இல்லை என்றாய். கோழியின் உடம்பிலேயே ஊறுகிற ஹார்மோன் ஒன்று உண்டு, அது பெரியம்மா கோழியில்தான் அதிகம் என்றாய். அதற்கு மேல் நீ ஏதோ சொல்ல வந்தாய். நான் எங்கே கேட்டேன்? "இரு, அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டு நேராக அரியலூருக்குப் போன் போட்டேன்.

"அக்கா, ஒங்கோழியிலதான் ஹார்மோன் அதிகமா இருக்காம். எங்கோழியில கம்மியாம். நம்ம பாப்பாவே பாத்துச் சொல்லிருச்சு" என்றேன். அந்த நாளுக்காக நான் எத்தனை தீபாவளி காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். அவள் சண்டைக்கு வருவாள், நானும் நாலு வார்த்தை சேர்த்துக் கொடுக்கலாம் என்று சேலையைச் செருகிக்கொண்டு நின்றேன். அவளோ, "அப்படியாடி? அப்ப இத்தன நாளா அந்தப் புள்ளைக்கு நான் அதத்தான் ஆக்கிப் போட்டேனா? அதுக்கு ஒடம்புக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல?" என்றாள். ஜெயித்த சந்தோஷம் எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தங்கவில்லை. நானாக இருந்தால் முதலில் என் கோழிக்காகச் சண்டை போட்டிருப்பேன். அவள் முதலில் உன்னைக் கேட்டாள். அதற்கும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

சாயங்காலம் நீ என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாய். "பெரியம்மா போன்ல அழுவுறாங்க. நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எதுக்கும்மா வச்ச? அவங்க அனுப்புனது முட்ட போட்டு அடைகாத்த பெட்ட. அதுக்குள்ள அது இருக்கத்தான் செய்யும், அதுல ஒரு கெடுதலும் இல்ல. ஒன்னோடது வயசுக்கே வராத குஞ்சு. ரெண்டையும் பக்கத்துல வச்சு அதிகம் கம்மின்னு பேசவே கூடாது" என்றாய். முட்டையிடுகிற கோழியை யாராவது சோதனைக்கு அறுப்பார்களா? நீ கேட்டாய் என்பதற்காக இருப்பதிலேயே நல்ல கோழியை அறுத்துக் கொடுத்திருக்கிறாள். அன்றைக்கு நீ எனக்குச் சொன்னதை இன்றைக்கு உனக்கே திருப்பிச் சொல்கிறேன், ஏனென்றால் படித்த பிள்ளைகள் லேபில் சொல்வதை வீட்டில் மறந்துவிடுவீர்கள். அளவை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதே. எந்தக் கோழி, எத்தனை வயசு, எங்கே வளர்ந்தது என்று கேட்டுவிட்டுச் சொல். உன் புருஷன் ஒருநாள் கம்மியாகப் பேசினால், உன் மாமியார் ஒருநாள் அதிகமாகப் பேசினால், அன்றைக்கு அவர்கள் எந்த நிலைமையில் இருக்கிறார்கள் என்று முதலில் பார்.

உன் கல்யாணம் பறவைக் காய்ச்சல் பயத்தில் எவனும் கோழியைத் தொடாத சமயத்தில் நடந்தது. அதனால் கறிவிருந்துக்கு என் கோழியா அவள் கோழியா என்ற சண்டை இல்லாமல் ஆடு அறுத்துவிட்டோம். அந்த மட்டில் தப்பித்தோம் என்று நினைத்தேன். ஆனால் நீ காரில் ஏறும்போது என்னைக் கட்டிப்பிடித்து அழுதாய், அப்புறம் அவளைக் கட்டிப்பிடித்து அழுதாய். அவளிடம் கூடுதல் நேரம் அழுதாய். இல்லை என்று சொல்லாதே. நான் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். கார் போன பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வியர்வையைத் துடைக்கிற சாக்கில் கையை உருவிக்கொண்டேன்.

உன் மாமியார் பற்றியும் இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாளுக்கும் உன் மேல் பொறாமை இருக்கும். இல்லாமல் இருக்க அவள் கல்லா? நீ வைக்கிற குழம்பை மாப்பிள்ளை புகழும்போது அவள் முகத்தைப் பார். வெளுத்திருந்தால், அடுத்த நாள் அவளிடமே பக்குவம் கேட்டுச் செய். நடிப்பாக இருந்தாலும் பரவாயில்லை. எனக்கு நீ ஒருநாளாவது, 'அம்மா, உன் குழம்பு எப்படி வைக்கிறது?' என்று கேட்டிருந்தால் நான் பாதி குணமாகியிருப்பேன். நீ கேட்டதில்லை. எதற்கெடுத்தாலும் அரியலூருக்குத்தான் போன் போடுவாய். அவளே எனக்குப் போன் பண்ணி, "பாப்பா மீன் கொழம்புக்குக் கேட்டாடி, சொல்லிக் குடுத்தேன்" என்பாள். அவளுக்குச் சூதுவாது தெரியாது. எனக்குத்தான் ஒவ்வொரு வார்த்தையும் ஊசியாக இறங்கும். ஊசி போடுவது நான் இல்லை, அவள்தான்.

இப்போது பிரசவத்துக்கு வருகிறேன். தலைப்பிரசவம் பெற்றவள் வீட்டில்தான். இது நான் போட்ட சட்டமா? பொங்கலுக்கு வந்தபோது ஷெட் பக்கம் போனதும் உனக்கு நெஞ்சு இழுத்ததையும், உங்கப்பா ஆட்டோ பிடித்து உன்னைப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியதையும் நான் மறக்கவில்லை. டாக்டர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் அரியலூரில் தூசி இல்லையா? சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோட்டில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஒரு நடை போய்வந்தால் வேட்டி என்ன நிறமாகும் என்று மாப்பிள்ளைக்குச் சொன்னாயா? பெரியம்மா வீட்டுத் தெரு அந்த ரோட்டுக்கு வெகுதூரம் உள்ளே இருக்கிறது, அங்கே தூசி வராது என்று நீ சொல்வாய். தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். என் ஷெட் உனக்கு நாறுகிறது, அவள் ஊர் மணக்கிறது. நேற்று ராத்திரியெல்லாம் இதையே நினைத்து நினைத்து எனக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன்.

இதுவரைக்கும் எழுதி வைத்துவிட்டுப் படுத்து, இன்று காலையில் எழுந்தேன். கம்பெனி சூப்பர்வைசர் தம்பி மோட்டார் சைக்கிளில் வந்தார். போன தடவைக் கோழி போய் ஷெட் காலியாகத்தான் கிடக்கிறது. "எல்லாம் ரெடிங்களாக்கா? வர்ற வாரம் குஞ்சு எறக்கிடலாங்களா?" என்று கேட்டார். "வேண்டாம் தம்பி" என்றேன். அவர் புரியாமல் உங்கப்பாவைப் பார்த்தார். உங்கப்பா என்னைப் பார்த்தார். "ஒரு தடவ விட்டீங்கன்னா உங்க எடத்த வேற பண்ணைக்குக் குடுத்துருவாங்கக்கா. அப்பறம் எப்ப குஞ்சு கெடைக்கும்னு என்னால சொல்ல முடியாதுங்க" என்றார். "பரவால்ல தம்பி. எம்பொண்ணு பிரசவத்துக்கு வர்றா" என்றேன். அந்தத் தம்பி போனதும் உங்கப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனார். மத்தியானத்துக்குள் தரையில் கிடந்த உமியும் எருவும் சோளக்காட்டுக்குப் போய்விட்டது. தரையைக் கழுவிவிட்டோம். நாளைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். நீ வருகிறபோது ஒரு இறகுகூட இருக்காது. உன் டாக்டரைக் கூட்டி வந்து மோந்து பார்க்கச் சொல். இதைத் தியாகம் என்று யாரிடமும் பெருமை பேசாதே. தியாகம் செய்கிற ஜாதி நான் இல்லை. அவள் வீட்டில் நீ பிள்ளை பெறக்கூடாது, அவ்வளவுதான்.

கை ஈரத்தோடு அரியலூருக்குப் போன் போட்டேன். "பாப்பா எங்க வூட்டுக்குத்தான் வரணும். ஷெட்ட மூடிட்டேன்" என்றேன். ஹலோகூடச் சொல்லவில்லை. அவள், "நல்லதுடி. பெத்தவ வூட்டுலதான் பொறக்கணும். நான் வேண்டாம்னுதான் சொன்னேன், அவதான் கேக்கல" என்றாள். அப்புறம், "கட்டில கழுவி வெயில்ல போட்டுருக்கேன், தொட்டில் கட்ட பழைய சேலையெல்லாம் தொவச்சுக் காயுது. பரவால்ல, எடுத்து மடிச்சு வச்சுக்குறேன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கிறாள் என்று எனக்குப் போனிலேயே தெரிந்தது.

நான் போனை வைக்காமல் நின்றேன். அவளும் வைக்கவில்லை. "மடிச்சு வைக்காத. மூட்ட கட்டு. நீயும் கெளம்பி வா" என்றேன்.

"நான் எதுக்குடி அங்க? ஒனக்குத்தான் எம்மேல கோவமாச்சே."

"கோவம் இருக்கு. வா."

"ஒங்க மாமாவுக்கு யாரு சோறாக்குறது?"

"அவரையும் இழுத்துக்கிட்டு வா. காலி ஷெட்டு எவ்வளவு பெருசு கெடக்கு."

அவள் அழுதாள். நான் அழவில்லை. வளைகாப்பு முடிந்து உன்னோடு அதே காரில் அவளும் வருகிறாள், மாப்பிள்ளையிடம் சொல்லி இடம் வைக்கச் சொல். இதைப் படித்துவிட்டு அம்மா திருந்திவிட்டாள் என்று உருகிப்போய் உட்காராதே. அவளை அங்கே தனியாக விட்டால், நீ இங்கே என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, பெரியம்மா சாப்பிட்டாளோ, தூங்கினாளோ என்று அவளைத்தான் நினைத்துக்கொண்டு கிடப்பாய். அவளும் என் கண் முன்னாலேயே இருக்கட்டும். அப்போதாவது நீ என்னைத் திரும்பிப் பார்ப்பாய்.

அம்மா